அனாதைக்குப் போட்ட சோறு

1

1770 செப்டம்பர் 29, சனிக்கிழமை ராத்திரி. அமெரிக்காவில் மாசசூசெட்சைச் சேர்ந்த நியூபரிபோர்ட் என்ற துறைமுக ஊர். அங்கே ஒரு பாதிரியார் வீட்டில் தங்குவதற்கு ஐம்பத்தைந்து வயசுப் பிரசங்கி ஒருவர் வந்திருக்கிறார். பகலெல்லாம் பேசியதில் மூச்சு வாங்குகிறது. படுக்கப் போகிற மனுஷனை ஜனங்கள் விடவில்லை. வாசலில் கூடி நிற்கிறார்கள். மாடிப்படியில் நின்றபடி, கையில் பிடித்திருந்த மெழுகுவத்தி கரைந்து அணைகிற வரைக்கும் பேசினார் என்று சொல்வார்கள். மறுநாள் விடிகாலையில் இரைப்பு முற்றி உயிர் போனது.

அவர் பேர் ஜார்ஜ் விட்ஃபீல்டு. பதின்மூன்று முறை அட்லாண்டிக் கடலைத் தாண்டியவர். குதிரையிலும் படகிலும் வட அமெரிக்கக் குடியேற்றங்கள் முழுக்கச் சுற்றியவர். அங்கே அந்தக் காலத்தில் அதிகம் பேர் நேரில் கேட்ட குரல் அவருடையதுதான்.

தெற்கே வெகு தொலைவில், ஜார்ஜியாவில் சவானா நகரத்துக்குப் பக்கத்தில், அவர் கட்டிய அனாதை இல்லம் இருந்தது. அதற்குப் பெதஸ்தா என்று பேர் வைத்திருந்தார். வேதாகமத்தில் நோயாளிகள் குணமாவதற்குக் காத்துக் கிடந்த குளத்தின் பேர். 'இரக்கத்தின் வீடு' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். சாகும்போது அந்த இரக்கத்தின் வீட்டை ஹண்டிங்டன் சீமாட்டி செலினா என்ற இங்கிலாந்துப் பிரபு குலத்துப் பெண்ணுக்கு உயில் எழுதி வைத்திருந்தார். கட்டடம், நிலம், புத்தகம், மேசை நாற்காலி எல்லாம் அந்த உயிலில் இருக்கின்றன. நிலத்துக்குப் பின்னாலும் புத்தகத்துக்கு முன்னாலும் இன்னொரு சொத்து வருகிறது. அது மனுஷங்க. ஏறத்தாழ ஐம்பது பேர். கறுப்பு அடிமைகள்.

இந்த மனுஷன் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்பு எழுதுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. செத்து இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. நான் கேட்க நினைப்பது வேற. இரக்கம் ஒருத்தரை நீதிமானாக்குமா? அழுகிற பிள்ளையைப் பார்த்து மனசு உருகுகிற ஒருத்தர், அந்த உருக்கத்தாலேயே இன்னொருத்தர் கழுத்தில் நுகத்தை வைக்க முடியுமா? முடியும் என்றால் இரக்கம் என்று நாம் கொண்டாடுகிறோமே, அது என்ன சாமான்?

2

விட்ஃபீல்டு மேட்டுக்குடியில் பிறந்தவர் இல்லை. 1714-இல் இங்கிலாந்தில் குளூஸ்டர் நகரத்தில் ஒரு சத்திரத்தில் பிறந்தார். தகப்பன் செத்தபோது பிள்ளைக்கு இரண்டு வயசு. அம்மா சத்திரத்தை நடத்தினாள். பையன் தரையைக் கூட்டினான், வந்தவங்களுக்குச் சாராயக் குவளை எடுத்துக் கொடுத்தான். சின்ன வயசில் அம்மை போட்டு ஒரு கண் மாறுகண்ணாகிவிட்டது. பின்னால் பெரிய பிரசங்கியான பிறகும் பகையாளிகள் அந்தக் கண்ணைச் சொல்லித்தான் கேலி செய்தார்கள்.

1732-இல் ஆக்ஸ்போர்டில் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். எப்படி? பணக்கார மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்து, அதில் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிற சேவக மாணவனாக. காலையில் அவர்களை எழுப்ப வேண்டும், செருப்பைத் துடைக்க வேண்டும், சொன்ன வேலைக்கு ஓட வேண்டும். சேவக மாணவனின் அங்கியே வேற மாதிரி இருக்கும். பார்த்ததுமே இன்னார் என்று தெரியும். கூடப் படிக்கிற கனவான்கள் அவர்களோடு சேர்ந்து நடக்கமாட்டார்கள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன்? கீழே கிடந்தவனுக்குத்தான் கீழே கிடப்பவன் வலி தெரியும் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். மேடையில் நானும் சொல்லியிருக்கிறேன். விட்ஃபீல்டு வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அது தானாக நடக்கிற காரியம் இல்லை என்று தெரிகிறது. அவமானப்பட்ட அனுபவம் ஒருத்தனுக்குக் கண்ணைத் திறக்கலாம். 'நான் மேலே ஏறிட்டேன்' என்ற நிம்மதியையும் கொடுக்கலாம்.

ஆனா அவர் ஒரு பெரிய காரியம் செய்தார். அதை மறைக்கக்கூடாது. 1739 பிப்ரவரியில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில், கோயில் பக்கமே வராத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு முன்னால் வெட்டவெளியில் நின்று பிரசங்கித்தார். கரி அப்பிய முகங்களில் கண்ணீர் ஓடி வெள்ளைக் கோடு விழுந்ததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் அதையேதான் செய்தார். சந்தை, வயல், நீதிமன்றப் படிக்கட்டு என்று எங்கே கூட்டம் கூடியதோ அங்கே பேசினார்.

வெட்டவெளியில் பேசினால் என்ன பெரிசு என்று தோன்றலாம். அந்தக் காலத்துக் கோயிலுக்குள்ளே யார் எந்த இருக்கையில் உட்காருவது என்பதற்கு ஒழுங்கு இருந்தது. பணம், பதவி, குலம் பார்த்து இடம். கறுப்பர்களுக்குப் பின்வரிசை, அல்லது மேலே தாழ்வாரம். வயலில் வாடகை இருக்கை கிடையாது. அங்கே நின்று 'நீங்க எல்லாரும் ஒரே மாதிரி பாவிகள், எல்லாரும் மறுபடி பிறக்கணும்' என்று ஒருத்தர் சொன்னால், நீதிபதியும் அவருடைய அடிமையும் அந்த நேரத்துக்காவது ஒரே தரையில் நிற்கிறார்கள். அந்தச் சொல்லில் வெடிமருந்து இருந்தது. அதைச் சொன்னவருக்கு அது முழுசாகத் தெரிந்திருந்ததா என்பதுதான் சந்தேகம்.

கறுப்பர்களுக்குத் தெரிந்திருந்தது. 1740 மே மாதம் பிலடெல்பியாவில் அவர் தங்கியிருந்த இடத்துக்கு ஏறத்தாழ ஐம்பது கறுப்பர்கள் வந்து நன்றி சொன்னார்கள். இதை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

ஐம்பது பேர் வந்து நன்றி சொன்னார்கள். முப்பது வருஷம் கழித்து ஐம்பது பேரைச் சொத்தாக விட்டுப் போனார். இந்த இரண்டு ஐம்பதுக்கும் நடுவே என்ன நடந்தது?

3

அதே 1740-இல் மேரிலாந்து, வர்ஜீனியா, வட தென் கரோலினாக்களில் வாழ்ந்த வெள்ளையருக்கு அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அதை அச்சடித்தார். அந்தக் காலத்தில் தெற்கத்தித் தோட்ட முதலாளிகளைப் பார்த்து அவ்வளவு காரமாகப் பேசிய வெள்ளைப் பிரசங்கிகள் குறைவு. உங்க வீட்டு நாய்க்குக் கிடைக்கிற கவனிப்புகூட உங்க அடிமைக்குக் கிடைக்கவில்லையே என்று கேட்டார். இவ்வளவு கொடுமைக்கு இவர்கள் தற்கொலை செய்துகொள்ளாமல் இருப்பதும், அடிக்கடி ஆயுதம் தூக்காமல் இருப்பதும் எனக்கு ஆச்சரியம் என்று எழுதினார். அதற்குச் சில மாதம் முன்னால்தான், 1739 செப்டம்பரில், சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் ஆயுதம் எடுத்திருந்தார்கள். தென் கரோலினா பயந்து நடுங்கி, 1740-இல் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அந்தச் சூழ்நிலையில் இப்படி எழுதுவதற்குத் தைரியம் வேணும். மறுக்கவில்லை.

ஆனா கடிதத்தைக் கடைசி வரைக்கும் வாசிக்கணும். கிறிஸ்தவர்கள் அடிமைகளை வாங்கலாமா கூடாதா என்ற கேள்வியைத் தொட்டுவிட்டு, அதை நான் இங்கே தீர்மானிக்கப் போவதில்லை என்று நகர்ந்துவிடுகிறார். வாங்கினவனை மிருகம் மாதிரி நடத்துவது பாவம், அதுமட்டும் நிச்சயம் என்கிறார். இன்னொரு இடத்தில், உண்மையான கிறிஸ்தவனாக மாறியதால் மோசமான வேலைக்காரனாகிவிட்ட ஒரு நீக்ரோவையாவது காட்டுங்கள் பார்ப்போம் என்று முதலாளிகளிடம் சவால் விடுகிறார். அதாவது, பயப்படாதீங்க, சுவிசேஷம் கேட்டாலும் அவன் உங்க வேலையைச் செய்வான் என்று உத்தரவாதம் தருகிறார்.

எப்படி நடத்துவது என்ற கேள்வி கடிதம் முழுக்க இருக்கிறது. எந்த உரிமையில் வைத்திருக்கிறாய் என்ற கேள்வி இல்லை. பின்னால் வந்தது எல்லாம் இந்த ஒரு இடைவெளி வழியாகத்தான் வந்தது என்பது என் வாசிப்பு. 1740-இல் நல்லவராக இருந்து பிறகு கெட்டுப்போனார் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கேட்காமல் விட்ட கேள்வி அப்பவே அங்கே உட்கார்ந்திருந்தது.

4

இப்ப பெதஸ்தாவுக்கு வருவோம்.

ஜார்ஜியா 1733-இல் தொடங்கிய குடியேற்றம். 1735-இல் சட்டம் போட்டு அங்கே அடிமை முறையைத் தடை செய்திருந்தார்கள். கறுப்பர் மேலே இருந்த அன்பினால் என்று நினைத்துவிட வேண்டாம். ஏழை வெள்ளையர்கள் சொந்த உழைப்பில் பயிரிட வேண்டும், தெற்கே புளோரிடாவில் இருந்த ஸ்பானியரிடம் அடிமைகள் தப்பி ஓடக்கூடாது என்பது கணக்கு. ஆனாலும் 1739 ஜனவரியில் டேரியன் ஊரில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் தடை நீடிக்கணும் என்று மனு கொடுத்தபோது, மனுஷரை நிரந்தர அடிமையாக வைப்பது மனுஷ இயல்புக்கே அதிர்ச்சி தருகிற காரியம் என்றும் எழுதியிருந்தார்கள்.

இந்த ஜார்ஜியாவில்தான் விட்ஃபீல்டு 1740 மார்ச் மாதம் அனாதை இல்லத்துக்கு முதல் செங்கல் வைத்தார். தாய் தகப்பனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த வெள்ளைக் குழந்தைகளைப் பார்த்து மனசு உருகினார். அந்த உருக்கம் உண்மை. ஆனா கட்டட ஆளும் சாமானும் கிடைக்காத இடம் அது. பிராங்க்ளின் ஒரு யோசனை சொன்னார். வீட்டைப் பிலடெல்பியாவில் கட்டுங்க, குழந்தைகளை இங்கே கூட்டிட்டு வாங்க, செலவு மிச்சம் என்றார். விட்ஃபீல்டு கேட்கவில்லை. அதனால் காசு தரமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டுதான் பிராங்க்ளின் அவருடைய கூட்டத்துக்குப் போனார். பேச்சு ஏற ஏற, செம்புக் காசைப் போடலாம் என்று தோன்றியது, பிறகு வெள்ளி, கடைசியில் பையிலிருந்த தங்கம் உட்பட எல்லாத்தையும் தட்டில் கொட்டிவிட்டு வந்தார். இதைத் தன் சுயசரிதையில் அவரே சொல்லிச் சிரிக்கிறார். நாமும் சிரிக்கலாம். ஆனா அந்தக் கதையில் ஒரு சாட்சியம் இருக்கிறது. வேற வழி இருந்தது. அடிமை இல்லாமலே அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்க முடியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அதே 1740-இல் பென்சில்வேனியாவில் 5,000 ஏக்கர் வாங்கி, கறுப்பர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டத் திட்டமிட்டார். இடத்துக்கு நாசரேத் என்று பேர். பணத்துக்குத் துணை நின்ற நண்பர் இறந்துபோனார், கடன் நெருக்கியது. 1741-இல் நிலத்தை மொராவியன் சபையாரிடம் விற்றுவிட்டார். பள்ளிக்கூடம் எழும்பவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பர் பள்ளிக்குப் பணம் இல்லாதபோது பள்ளியைக் கைவிட்டார். வெள்ளை அனாதைகளுக்குப் பணம் இல்லாதபோது கறுப்பர்களை வாங்கினார். 1747-இல், சார்ல்ஸ்டன் நண்பர்கள் கொடுத்த காணிக்கையைக் கொண்டு தென் கரோலினாவில் 640 ஏக்கர் பண்ணையும் அடிமைகளும் வாங்கினார். அங்கே விளைகிறது பெதஸ்தாவுக்குப் போகும் என்று ஏற்பாடு. பண்ணைக்கு அவர் வைத்த பேர் 'பிராவிடன்ஸ்'. தேவனுடைய பராமரிப்பு என்று அர்த்தம். ஜார்ஜியாவிலும் தடையை நீக்கணும் என்று நிர்வாகிகளுக்கு எழுதினார். நீக்ரோக்கள் இல்லாமல் அந்த நாடு செழிக்காது என்றார். 1751 ஜனவரியில் தடை நீங்கியது. அவர் ஒருத்தர் எழுதியதால் நீங்கவில்லை, நிலம் வைத்திருந்தவர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனா அந்தப் பக்கத்துக்கு ஒரு பரிசுத்தவானின் கையெழுத்தும் கிடைத்தது. அதே வருஷம் மார்ச் மாதம் எழுதிய கடிதத்தில், அடிமை வைத்திருப்பது நியாயமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்கிறார். ஆபிரகாம் வைத்திருந்தாராம். வெப்ப நாட்டில் கறுப்பர் இல்லாமல் பயிர் செய்ய முடியாதாம்.

1740-இல் தீர்மானிக்க மாட்டேன் என்று விட்ட கேள்விக்கு 1751-இல் தீர்மானம் வந்துவிட்டது. எப்படி வந்தது? படிப்படியா வந்தது. பிள்ளைகள் பசியா இருக்காங்க. பசிக்குச் சோறு வேணும். சோத்துக்கு நிலம் வேணும். நிலத்துக்கு ஆள் வேணும். ஆளை விலைக்கு வாங்கலாம். வாங்கினவனை அடிக்காமல் வைத்துக்கொள்ளலாம், வேதம் சொல்லித்தரலாம். நாம் வாங்காவிட்டால் கொடுமைக்காரன் எவனாவது வாங்குவான். ஆகவே நாம் வாங்குவதே அவனுக்குச் செய்கிற உபகாரம்.

இந்த ஏணியில் ஒரு படியில்கூட வெறுப்பு இல்லை. அதுதான் பயமா இருக்கு. சாட்டை எடுக்கிறவனை நமக்கு அடையாளம் தெரியும். கண்ணீரோடு வருகிறவனை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? இரக்கம் ஒரு முகத்தைப் பார்க்கிறது, அதற்காக உருகுகிறது. பார்க்காத முகத்துக்கு அதனிடம் பதில் இல்லை. யாரைப் பார்ப்பது என்று தீர்மானிப்பதும் இரக்கப்படுகிறவன்தான். கையேந்தியவனுக்கு அதில் உரிமை கிடையாது. நீதி அப்படி இல்லை. எனக்குப் பிடிக்காதவனும், நான் முகமே பார்க்காதவனும் நீதி கேட்டு என் வாசலுக்கு வரலாம். நான் இரக்கப்பட்டாலும் படாவிட்டாலும் அவன் கேட்பதைக் கொடுத்தாக வேணும்.

5

'அந்தக் காலம் அப்பிடி' என்று உடனே ஒரு பதில் வரும். பெரியவங்க யாரைப் பற்றிப் பேசினாலும் வருகிற பதில் இது.

அந்தக் காலத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பார்ப்போம். 1688-லேயே பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் ஊர்க்காரர்கள் அடிமை முறையை எதிர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 1738-இல் பெஞ்சமின் லே என்ற கூனல் விழுந்த குள்ள மனுஷன், குவேக்கர் கூட்டத்துக்கு நடுவே வேதப்புத்தகம் மாதிரி ஒன்றைக் கத்தியால் குத்தி, உள்ளே ஒளித்து வைத்திருந்த சிவப்புச் சாற்றை அடிமை வைத்திருந்தவர்கள் மேலே தெறிக்க விட்டார். ஆளைத் தூக்கி வெளியே போட்டார்கள்.

ஜான் ஊல்மன் இருந்தார். 1720-இல் நியூஜெர்சியில் பிறந்த குவேக்கர். இவரும் ஊர் ஊராகப் போன பிரசங்கிதான். இளவயசில் கடையில் வேலை பார்த்தபோது, ஒரு கறுப்புப் பெண்ணை விற்பதற்கு விற்பனைப் பத்திரம் எழுதச் சொன்னார் முதலாளி. எழுதினார். எழுதிவிட்டு, இது கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாத காரியம் என்று சொன்னார். எழுதிய அந்தக் கை அவரைத் தூங்க விடவில்லை. பிற்பாடு அப்படிப்பட்ட பத்திரங்களை எழுத மறுத்தார். 1746-இல் தெற்கே பயணம் போனார். விட்ஃபீல்டு பண்ணை வாங்குவதற்கு முந்திய வருஷம் அது. 1757-இல் மறுபடி போனபோது, அடிமை வைத்திருந்த வீடுகளில் சாப்பிட நேர்ந்தால் இலவச விருந்தாளியாக இருக்க மறுத்து வெள்ளிக் காசு கொடுத்தார். இந்தச் சோத்துக்கு உழைத்தவன் யார், அவனுக்குக் கூலி கிடைத்ததா என்பதுதான் அவருடைய கேள்வி. பிற்காலத்தில் சாயம் போடாத துணி உடுத்தினார், அடிமைகள் உழைப்பில் வந்த சர்க்கரையைத் தவிர்த்தார், கால்நடையாகப் பயணம் போனார். 1772-இல் இங்கிலாந்தில் பெரியம்மையால் இறந்தார். 1776-இல் பிலடெல்பியா குவேக்கர் சபை, அடிமை வைத்திருப்பவருக்கு இங்கே இடமில்லை என்று சொல்லும் நிலைக்கு வந்தது.

ஊல்மனை உடனே தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அடிமை முறையைக் கைவிட்ட அதே குவேக்கர்கள், கூட்டத்துக்கு வந்த கறுப்பரைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். விடுதலை கொடுத்தும் பெஞ்சைக் கொடுக்கவில்லை. ஆனாலும் சோத்தின் பின்னால் இருக்கிற கையைப் பார்க்க அந்தக் காலத்திலேயே ஆளிருந்தது என்பதற்கு ஊல்மன் சாட்சி.

எல்லாத்துக்கும் மேலே, அந்தக் காலத்தில் அடிமைகளும் இருந்தார்களே! ஸ்டோனோவில் ஆயுதம் எடுத்தவர்கள் அந்தக் காலத்து ஆட்கள் இல்லையா? 'அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாத் தெரியல' என்று சொல்லும்போது, 'யாருக்கும்' என்ற சொல்லுக்குள் அவர்களை நாம் சேர்க்கவில்லை என்று அர்த்தம்.

6

அப்படியென்றால் விட்ஃபீல்டின் சொல்லை என்ன செய்வது? சொன்னவன் அடிமை வைத்திருந்தான், ஆகவே சொல்லும் செத்தது என்று சொல்லலாமா? கேட்டவர்கள் அப்படிச் செய்யவில்லை.

சார்ல்ஸ்டனில் ஜான் மாரண்ட் என்ற கறுப்புச் சிறுவன் இருந்தான். அடிமையாகப் பிறக்காதவன், இசைக்காரன். கூட்டத்தைக் கலைப்பதற்கு ஊதுகொம்போடு உள்ளே போனவன், விட்ஃபீல்டு பேச்சைக் கேட்டு விழுந்தான். பின்னால் அவனே பிரசங்கியாகி, நோவா ஸ்கோஷியாவில் குடியேறிய கறுப்பர்களிடம் போனான். 1789-இல் தன் வரலாற்றை எழுதிய ஒலாடா எக்குவியானோவும் விட்ஃபீல்டைக் கேட்டிருக்கிறார். மாண்ட்செராட் தீவின் கடற்கரையில் அடிமையாக நான் வேர்வை சிந்திய மாதிரி இந்த மனுஷன் வேர்வை சிந்திப் பேசினாரே என்று ஆச்சரியப்படுகிறார். அடிமை வேலை செய்தவனுக்குத்தான் அந்த ஒப்புமை வரும்.

பிலிஸ் வீட்லியைப் பாருங்கள். 1761-இல் ஏழு எட்டு வயசில் ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்குக் கொண்டுவந்து விற்கப்பட்ட பெண். ஏற்றி வந்த கப்பலின் பேரையே அவளுக்குப் பேராக வைத்தார்கள். 1770-இல் விட்ஃபீல்டு செத்ததும் அவள் எழுதிய இரங்கற்பாதான் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது. அந்தப் பாட்டில் விட்ஃபீல்டின் வாயாலேயே ஆப்பிரிக்கரைக் கூப்பிட வைத்து, இரட்சகர் ஓரவஞ்சனை இல்லாதவர் என்று சொல்ல வைக்கிறாள். அவர் 1751-இல் மறந்துபோனதைச் செத்த பிறகு அவர் வாயில் வைத்துத் திரும்பச் சொல்ல வைத்தாள் என்று நான் வாசிக்கிறேன்.

1773-இல் அவளுடைய கவிதை நூல் லண்டனில் வெளிவந்தது. யாருக்குச் சமர்ப்பணம்? ஹண்டிங்டன் சீமாட்டிக்கு. பெதஸ்தாவின் ஐம்பது பேரை உயிலில் பெற்றாரே, அதே சீமாட்டிக்கு. அடிமையாயிருந்த ஒரு பெண்ணின் எழுத்துக்கு ஆதரவு கொடுத்த கையும், ஐம்பது பேரைச் சொத்தாக வாங்கிக்கொண்ட கையும் ஒண்ணு. இதைவிடத் தெளிவாக இரக்கத்தை எப்படி விளக்குவது?

பிலிஸ் அதோடு நிற்கவில்லை. விடுதலை பெற்ற பிறகு, 1774 பிப்ரவரியில், மோகிகன் பழங்குடிப் பிரசங்கி சாம்சன் ஆக்கமுக்கு ஒரு கடிதம் எழுதினாள். சுதந்திரம் சுதந்திரம் என்று கத்திக்கொண்டு அடுத்தவன் மேல் அதிகாரம் செலுத்துகிறவர்களின் முரண்பாட்டைக் கிண்டலாகவே சொன்னாள். பத்திரிகைகள் அதை அச்சடித்தன. ஆக்கமுக்கு இது புதுசில்லை. அவர் 1766 முதல் 1768 வரை பிரிட்டன் முழுக்கப் பேசி, பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கென்று பெரும் பணம் திரட்டினார். அந்தப் பணத்தில் டார்ட்மவுத் கல்லூரி எழுந்தது, பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகளுக்கு. பன்னிரண்டு வருஷ ஊழியத்துக்கு எனக்குக் கொடுத்த 180 பவுண்டை வேறொரு ஊழியத்தில் ஒரே வருஷத்துக்குக் கொடுத்தார்கள், நான் இந்தியன் என்பதுதான் காரணம் என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பிலடெல்பியாவில் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் கோயிலில் முழங்காலில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை, இது உங்க இடம் இல்லை என்று பிடித்து எழுப்பினார்கள். ரிச்சர்டு ஆலனும் மற்றவர்களும் எழுந்து வெளியே நடந்தார்கள். 1794-இல் தங்களுக்கென்று பெத்தேல் கோயிலைத் திறந்தார்கள். 1816-இல் தனித் திருச்சபையே கண்டார்கள். ஆனா அதே ஆலன், பிரசங்கம் செய்ய அழைப்பு வந்திருக்கிறது என்று ஜெரினா லீ என்ற பெண் கேட்டபோது, பெண்களுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார். 1819-இல்தான் ஒத்துக்கொண்டார். ஒரே வருஷத்தில் 2,325 மைல் பயணம் செய்து 178 பிரசங்கம் செய்ததாக அவள் எழுதுகிறாள். தன்னை எழுப்பி விரட்டியவனிடம் கேட்ட கேள்வியைத் தன்னிடமும் கேட்டுக்கொள்ள ஆலனுக்கே வருஷங்கள் ஆயின. நம் இயக்கங்களுக்குள்ளே உட்கார்ந்து இதைப் படிக்கிற ஆண்கள் கொஞ்சம் நிறுத்திப் படிக்கலாம்.

7

இந்தக் கதைக்கும் நமக்கும் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பெதஸ்தாவுக்கு முன்மாதிரி, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் ஃபிராங்கே கட்டிய அனாதை இல்லம். அந்த ஹாலேயிலிருந்து வந்தவர்தான் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு. ஒரே விதை, இரண்டு கடற்கரை. இங்கே வந்தவர்கள் நம் எழுத்தை அச்சில் ஏற்றினார்கள், பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதே சபைகளில் சாதிக்குத் தக்கபடி தனித்தனியாக உட்காரவும் வைத்தார்கள். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது.

நான் ஒரு மிஷன் விடுதியில் சோறு தின்று படித்தவன். அந்தச் சோறு இல்லையென்றால் எம்.ஏ. தமிழும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை. பிற்பாடு, நிர்வாகக் குழுவில் எங்க ஆட்கள் ஏன் ஒருத்தர்கூட இல்லை என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். ஒரு பெரியவர், நல்ல மனுஷர், என் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, சாப்பிட்ட வீட்டுக்கு இப்படிப் பேசலாமா?" அவர் கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் வருத்தப்பட்டார். அன்றைக்கு என்னால் பேச முடியவில்லை.

இப்ப சொல்கிறேன். போட்ட சோத்துக்கு நன்றி உண்டு. ஆனா நன்றி என்பது வாயை அடைப்பதற்கு வாங்கி வைத்த பூட்டு இல்லை. 1740-இல் நன்றி சொல்ல வந்த அந்த ஐம்பது பேரும் ஒரு சொல்லுக்குத்தான் நன்றி சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு உண்மையாக இருந்தவர்கள், அதைச் சொன்னவரையே கேள்வி கேட்கும் இடத்துக்குப் போனார்கள். அது நன்றிகெட்டதனம் என்றால், அந்தச் சொல்லை நம்பியவன் கேட்பவனா, சொல்லியவனா?

2020-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் நின்றிருந்த விட்ஃபீல்டு சிலையை எடுத்துவிடுவதாக அறிவித்தது. எடுக்கட்டும். சிலையை எடுப்பது சுலபம். அந்த ஏணி நம்ம வீட்டிலும் சாத்தி வைத்திருக்கிறது. தொண்டு நிறுவனம் நடத்துகிற தோழருக்கும், பள்ளி நடத்துகிற சபைக்கும், இயக்கத்துக்கு நிதி திரட்டுகிற எனக்கும் அதே படிகள்தான். நோக்கம் நல்லது, ஆகவே இந்த ஒருத்தர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று சொல்கிற நேரம் எல்லாருக்கும் வரும். பொறுத்துக்கொள்ளச் சொல்லப்படுகிற அந்த ஒருத்தர் யார், அவரைக் கேட்டோமா என்று அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளணும்.

பெதஸ்தாவில் அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார் என்று கேட்டால், ஜார்ஜ் விட்ஃபீல்டு என்று புத்தகங்கள் எழுதி வைத்திருக்கின்றன. போட்டது அந்த ஐம்பது பேர்.